பதினோரு ஆண்டு மாத்திரையும் ஒரு மஞ்சள் விளக்கும்

நேற்று கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். “பார்வை ஓரிடத்தில் நிலைக்கவில்லை, அடுத்த வாரம் மறுபடி வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சலோடு வீட்டுக்குள் நுழையும்போதே தோழி அழைத்தாள். அவளுக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய்) என்று சொல்லி ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “இது மலேரியா மாத்திரையாமே, என்னைக் கொசுவா கடித்தது?” என்றாள். 11 ஆண்டுகளாக இதை விழுங்குகிறவள் என்ற உரிமையில், அவளிடம் சொன்னதையும் கோபத்தில் விழுங்கிவிட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மலேரியா மாத்திரைதான். இரண்டாம் உலகப் போரின்போது மலேரியாவைத் தடுக்க மெப்பாக்ரின் சாப்பிட்ட சிப்பாய்களில் சிலருக்கு, இருந்த தோல் தடிப்பும் மூட்டு வலியும் தணிந்தன. 1951இல் பிரான்சிஸ் பேஜ் என்ற மருத்துவர் லூபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அந்தத் தடத்தில் வந்த சாதுவான பிள்ளை இது. 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடலின் எதிர்ப்பாற்றலை இது அடித்து வீழ்த்துவதில்லை. செல்லுக்குள் இருக்கும் நுண்பைகளின் அமிலத்தன்மையைக் குறைத்து, பொய்யாக அடிக்கும் அபாய மணியின் சத்தத்தைத் தணிக்கிறது. ஸ்டீராய்டு என் முகத்தைப் பூசணிக்காய் ஆக்கியதுபோல இது எதுவும் செய்யவில்லை. முதல் இரண்டு வாரம் வயிற்றைப் புரட்டியது. சாப்பாட்டோடு போட ஆரம்பித்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

ஆனால் மகா மந்தம். மூன்று மாதம் வரை விழுங்குகிறோமா வீணடிக்கிறோமா என்றே தெரியாது. நான்காம் ஆண்டில், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். உடம்பில் பாதி குறையவே ஏறக்குறைய 40 நாள் பிடிக்கிற மருந்து இது. நான் பழைய சேமிப்பில் வாழ்ந்துகொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் ஒரு காலை, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. விரல்கள் வாழைப்பழம்போல வீங்கியிருந்தன. மறுபடி தொடங்கி, மறுபடி காத்திருந்தேன். அது வேலை செய்துகொண்டிருந்தது என்பதை நிறுத்தித்தான் தெரிந்துகொண்டேன்.

2020இல் கோவிட்டுக்கு இதுதான் மருந்து என்று ஊரே ஓடி வாங்கியது தனிக்கதை. மார்ச்சில் அமெரிக்கா கொடுத்த அவசர அனுமதியை ஜூனில் திரும்பப் பெற்றது. அதற்குள் என் டப்பாவில் 9 மாத்திரைதான் மிச்சம்.

இனி கண். நாளடைவில் இந்த மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம், அதனால்தான் அளவில் கவனம். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்குள். எனக்கு 60 கிலோ, ஆகவே 300. கையில் இருப்பதோ 200 மில்லிகிராம் மாத்திரை. ஒற்றைப்படைத் தேதியில் ஒன்று, இரட்டைப்படையில் இரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறேன். இந்த அளவைத் தாண்டாவிட்டால் முதல் 10 ஆண்டுகளில் விழித்திரை பாதிப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஏறக்குறைய 20 சதவீதம். போன பார்வை திரும்பாது. ஆரம்பத்தில் நமக்கே தெரியாது என்பதால்தான், 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை. எனக்கு அந்த முதல் பத்து முடிந்துவிட்டது.

விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி (OCT) படம் இரண்டு நிமிட வேலை. என் பகை அந்தப் பார்வைப் புலப் பரிசோதனையோடுதான். ஒரு கண்ணை மூடி, தாடையை ஒரு கிண்ணத்தில் வைத்து, நடுவிலுள்ள மஞ்சள் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் வெள்ளைப் புள்ளி மினுக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். நன்றாகப் பார்க்கிறவருக்கும் பாதிப் புள்ளிகள் தெரியாதபடிதான் அந்தக் கருவி மங்கலாக்கிக்கொண்டே போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நான்கு விநாடி ஒன்றும் மினுக்காவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போய்விட்டதோ என்ற பயத்தில் இல்லாத புள்ளிக்கும் அழுத்திவிடுகிறேன், கண்ணும் தானாகத் தேடி அலைகிறது. கருவி இரண்டையும் எண்ணி, ‘நம்பகமற்றது’ என்று அச்சடித்துக் கொடுக்கிறது. பதினோரு ஆண்டு ஒழுங்காக மாத்திரை போட்டவளுக்குக் கிடைத்த பட்டம்!

“அப்படியானால் போடட்டுமா, வேண்டாமா?” என்றாள் தோழி. போடு, நீயாக நிறுத்தாதே, முதல் ஆண்டிலேயே கண்ணைப் பார்த்துவிடு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதே என்றேன். எனக்கு நடக்கவும் எழுதவும் மூடி திறக்கவும் கொடுத்தது இந்த மாத்திரைதான். இருந்தாலும் மதிப்பெண் கேட்டால், இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த மஞ்சள் விளக்கு. இன்று 31ஆம் தேதி, ஒரு மாத்திரை. நாளை 1, அதுவும் ஒற்றைப்படை. இந்தச் சிக்கலுக்கு மட்டும் 11 ஆண்டுகளாக எனக்கு விடை கிடைக்கவில்லை.