ஏரியாவா, மொசைக்கா?

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் காகிதச் சார்ட்டை விட்டு வெளியே வர நினைப்பவர்கள் பெரும்பாலும் சிகிச்சையைப் பதிவுசெய்து சரிபார்க்கும் இந்த இரண்டு மென்பொருள்களில்தான் வந்து நிற்கிறார்கள்: வேரியன் நிறுவனத்தின் ஏரியா (ARIA), எலெக்டா நிறுவனத்தின் மொசைக் (MOSAIQ).

அடிப்படை வேலை ஒன்றுதான். மானிட்டர் யூனிட் (இயந்திரம் விடும் கதிரின் அளவு), காலிமேட்டர் (கதிருக்கு வடிவம் தரும் பாகம்) கோணம் எல்லாம் திட்டத்தில் உள்ளபடி இயந்திரத்துக்குப் போகும். நோயாளி படுக்கும் கட்டில் வரம்பைத் தாண்டி நகர்ந்திருந்தால் கதிரை விடாது. 25 அமர்வில் 50 கிரே (உடல் ஏற்கும் கதிர் அளவின் அலகு) கொடுக்கும் நோயாளிக்கு 17-வது அமர்வு முடிந்ததும் 34 கிரே என்று அதுவே கூட்டி வைத்திருக்கும்.

வித்தியாசம் திட்டம் வந்து சேரும் வழியில் இருக்கிறது. ஏரியாவும் வேரியனின் எக்லிப்ஸ் திட்டமிடல் மென்பொருளும் ஒரே தரவுத்தளத்தில் இயங்குபவை. அதனால் ஏற்றுமதி, இறக்குமதி என்ற வேலையே கிடையாது. மொசைக்கில் திட்டம் டைகாம் (மருத்துவப் படம், தரவுக்கான பொது வடிவம்) கோப்பாக வரும். வந்ததும் ஒவ்வொரு ஃபீல்டையும் (கதிர் செலுத்தும் அமைப்பையும்) மருத்துவ இயற்பியலாளர் சரிபார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

ஆனால் மொசைக் பிறந்தது இம்பேக் என்ற தனி நிறுவனத்தில். எலெக்டா அதை வாங்கியது 2005-ல். பல நிறுவன இயந்திரங்களோடு பழகிய மென்பொருள். இரண்டு நிறுவன லினாக்கும் (கதிர் சிகிச்சை இயந்திரமும்) உள்ள இடத்தில் நான் மொசைக்கைத்தான் சொல்வேன். எல்லாமே வேரியன் என்றால் யோசிக்காமல் ஏரியா. இயந்திரத்துக்கு ஒன்றாக இரண்டு மென்பொருளையும் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்: ஒரு இயந்திரம் பழுதாகி நோயாளியை மாற்றும் நாளில் டோஸ் கணக்கு இரண்டு இடத்தில் கிடக்கும்.

அப்புறம், எந்த மென்பொருளானாலும் சர்வர் முடங்கும் நாளுக்கும் தயாராக இருக்க வேண்டும். 2021 ஏப்ரலில் எலெக்டாவின் மேகச் சேமிப்பு (கிளவுட்) இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அமெரிக்காவில் சில மருத்துவமனைகளில் சிகிச்சையே தடைப்பட்டது. டோஸ் சுருக்கத்தைத் தினமும் அச்செடுத்து வைக்கச் சொல்லுங்கள்.