பழைய மாடல் ரயில் எஞ்சின் வாங்கப் போகிறீர்களா? 18,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வண்டியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 18,500 ரூபாய். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். எப்படி ஏமாறாமல் இருப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பா ஈரோட்டில் டீசல் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலத்தில் பாதிக்கு மேல் டபிள்யூடிஎம்-2 எஞ்சினில்தான் போயிற்று. 1962ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து, பிறகு வாரணாசியிலேயே தயாரான எஞ்சின் அது. எங்கள் வீட்டில் அதற்கு 'ஆல்கோ' என்றுதான் பெயர். அடுத்த மாதம் அப்பாவுக்கு 75 முடிகிறது. அதே ஆல்கோவின் ஆறு அச்சு எஞ்சின் ஒன்று, எச்.ஓ. அளவு மாடலாக, அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்காக, பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் கண்ணில் பட்டது. அதன் போகியில், அதாவது சக்கர அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டத்தில், மூன்று அச்சும் சம இடைவெளியில் இருக்காது, இரண்டு நெருங்கியும் ஒன்று தள்ளியும் இருக்கும். டபிள்யூடிஎம்-2 போகியும் அப்படித்தான். அப்பா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார் என்ற நினைப்பிலேயே பாதி ஏமாந்துவிட்டேன்.

விற்றவர் கோவைக்காரர் என்றார். 12 விநாடி வீடியோ அனுப்பினார். வட்டத் தண்டவாளத்தில் வண்டி சர்ரென்று ஓடுகிறது, பின்னால் சினிமாப் பாட்டு சத்தமாக. விலையில் கொஞ்சம் தயங்கினேன். எதற்காக வாங்குகிறேன் என்று கேட்டார், அப்பாவைப் பற்றிச் சொன்னேன். உடனே குரல் மாறிவிட்டது. "சார், எங்கப்பாவும் ரயில்வேதான், போத்தனூர். உங்க கிட்ட நான் லாபம் பார்ப்பேனா? ஆப்புக்குள்ள கட்டினா கமிஷன் போயிடும், நேரா எனக்கே போட்டு விடுங்க, 18,500 போதும்." அந்தப் 'போத்தனூர்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் நான் பணம் கட்டினேன். அந்த நிமிடமே யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். டக்... டக்... ஒவ்வொரு டக்குக்கும் வண்டி ஒரு வெட்டு வெட்டி நகர்ந்தது. வேகத்தைக் கூட்டினால் அந்த டக்கெல்லாம் சேர்ந்து வெறும் உறுமலாகிவிடுகிறது, குறையே தெரிவதில்லை. வீடியோவில் ஏன் அவ்வளவு வேகம், ஏன் அந்தப் பாட்டு என்று அப்போதுதான் புரிந்தது.

கூப்பிட்டேன். "ரொம்ப நாள் ஓடாத வண்டி சார், அரை மணி நேரம் ஓட்டுங்க, செட் ஆயிடும்." ஓட்டினேன். ஆகவில்லை. "தண்டவாளம் அழுக்கா இருக்கும்." ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தண்டவாளம் முழுக்கத் துடைத்தேன், பன்னிரண்டு சக்கரத்தையும் துடைத்தேன், உள்ளே மின்சாரம் எடுக்கும் தகடுகள் சக்கரத்தில் ஒட்டி நிற்கின்றனவா என்று பார்த்தேன். எல்லாம் சரி. அழுக்கென்றால் வண்டி திக்கும், விளக்கு மினுக்கும். இதில் விளக்கு ஒரே சீராக எரிகிறது, வண்டி மட்டும் வெட்டுகிறது. தண்டவாளக் கோளாறு என்றால் ஒரே இடத்தில் வர வேண்டும். இது எல்லா இடத்திலும் வருகிறது.

பிறந்தநாள் வரை மறைத்து வைக்க நினைத்தேன், முடியவில்லை. சத்தம் கேட்டு அப்பாவே வந்துவிட்டார். மேஜையில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டார். "மோட்டார் இல்லடா, ஆக்சில். சக்கரம் ஒரு சுத்து சுத்துனா ஒரு அடி விழுது பாரு." ஸ்கேலை எடுத்து அளந்தேன். டக்குக்கும் டக்குக்கும் நடுவே 37 மில்லிமீட்டர் சுமார். சக்கரத்தின் குறுக்களவு 11.7 வருகிறது, சுற்றளவும் அதே 37 தான். அவர் சொன்னது அப்படியே சரி.

போகியின் அடி மூடியைக் கழற்றினேன். அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம், இரண்டு பல்லுக்கு நடுவே மயிரிழையாகப் பிளந்திருந்தது. பிளவு இருக்கும் இடத்தில் இடைவெளி அகன்றுவிடுவதால் அடுத்த சக்கரத்தின் பல் அங்கே சரியாக உட்காராமல் முட்டுகிறது. பழைய மாடல்களில் வருடக்கணக்கில் இறுக்கத்திலேயே இருந்து இப்படிப் பிளப்பது தெரிந்த விஷயம்தான். அதற்காக நான் கோபப்படவில்லை. அச்சைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு படலம் இருந்தது. சூப்பர் குளூ! அந்த வழவழப்பான பிளாஸ்டிக்கில் பசை நிற்கவே நிற்காது, வீடியோ எடுக்கிற வரைக்கும் நின்றால் போதும் என்று ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு அச்சிலும் அதே பசை. மூன்றாவதில் பல்சக்கரமே இல்லை, கழற்றி எடுத்துவிட்டு வெறும் அச்சைப் போட்டு மூடியிருக்கிறார்கள். தெரிந்தே செய்த வேலை.

படம் எடுத்து அனுப்பினேன். "கூரியர்ல அடிபட்டிருக்கும் சார்." கூரியரில் அடிபட்டால் பசை எப்படி வரும் என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் என்னை பிளாக் செய்திருந்தார். செயலியின் உதவிப் பக்கத்தில் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. வங்கியில் போய்க் கேட்டால், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பினதுதானே சார்" என்கிறார்கள். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். இப்போதைக்கு 18,500 ரூபாய் போனது போனதுதான். அந்த மாடல் தயாரிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, மாற்றுப் பல்சக்கரமும் இதுவரை கிடைக்கவில்லை.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓடும் வீடியோவை நம்பாதீர்கள். நேரலையில், பாட்டு இல்லாமல், நடை வேகத்துக்கும் குறைவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடி மூடியைத் திறந்து எல்லா அச்சையும் படம் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். பணத்தைச் செயலிக்குள்ளேயே கட்டுங்கள், கமிஷன் போனால் போகட்டும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வேறெதுவும் இப்போது எழுத ஓடவில்லை.

இன்று காலை அதே செயலியில் வேறு பெயரில் இன்னொரு எஞ்சின் விற்பனைக்கு வந்திருக்கிறது. 12 விநாடி வீடியோ, அதே வட்டத் தண்டவாளம், அதே பாட்டு. புகார் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. தயவுசெய்து யாரும் அதற்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.