டீமா, க்ரூவா, கேங்கா? சேலத்து வேலையாட்களை ஆங்கிலத்தில் எழுதும்போது

ஏற்காட்டுத் தோட்டங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்க ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரிக்கும், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவருக்கும், பெயின்டிங் காண்ட்ராக்டருக்கும் இப்போது ஆங்கிலத்தில் கொட்டேஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது. விலை எழுதுவதில் சிக்கல் இல்லை. "எங்க ஆளுங்க" என்பதை எப்படி எழுதுவது என்பதில்தான் பேனா நிற்கிறது. லேபர், ஸ்டாஃப், கேங், டீம், க்ரூ என்று ஐந்து சொற்கள் கைவசம் இருக்கின்றன. ஓரிடத்தில் கூடி உடலுழைப்பால் ஒரு வேலையை முடிக்கிறவர்களுக்கு நான் எழுதுவது க்ரூ. ஓசைக்காக அல்ல, தலைக்கணக்குக்காக.

முதல் இரண்டையும் சீக்கிரம் தள்ளிவிடலாம். "டென் லேபர்ஸ்" என்று எழுதுவது தவறு. லேபர் என்றால் உழைப்பு; உழைக்கும் ஆள் லேபரர், அல்லது இன்னும் எளிதாக வொர்க்கர். "லேபர் சார்ஜ்" என்று கூலியைக் குறிப்பது மட்டும் சரி. ஸ்டாஃப் என்பது ஓர் இடத்தில் நிரந்தரமாக வேலை பார்க்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சொல். ஒரே கடையின் ஆட்களை "ஸ்டாஃப்ஸ்" என்பதும், ஓர் ஆளை "ஒன் ஸ்டாஃப்" என்பதும் நம் பக்கத்து வழக்கம். எழுத்தில் "ஸ்டாஃப் மெம்பர்" என்று போடுங்கள். நாள் கூலிக்கு வருகிறவர்களை ஸ்டாஃப் என்று எழுதினால், அவர்கள் உங்களிடம் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கேங் அப்படித் தள்ளக்கூடிய சொல் அல்ல. அது உழைப்பாளிகளின் பழைய, நியாயமான சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் போவது, நடை என்று பொருள். பிறகு சேர்ந்து போகிறவர்களுக்கு ஆனது. கப்பலில் ஏறும் "கேங்வே"யில் இன்றும் அந்தப் பழைய பொருள் இருக்கிறது. சேலம் ஜங்ஷனில் நின்றால் கேங், க்ரூ இரண்டும் பிரியும் இடம் நன்றாகத் தெரியும். வண்டியை ஓட்டிப்போகும் லோகோ பைலட்டும், முன்பு கார்டு எனப்பட்ட டிரெயின் மேனேஜரும் க்ரூ. அதே வண்டி ஓடும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேங். கேங்மேன் என்ற பதவிப் பெயர் ரயில்வேயில் டிராக் மெயின்டெய்னர் என்று மாறியும் பேச்சில் பழைய பெயர் போகவில்லை. மின்வாரியத்திலும் கேங்மேன் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர் கையில் போகும் தாளில் கேங் என்று எழுதினால், செய்தித்தாளில் கொள்ளைக் கும்பலுக்குப் போடும் அதே சொல்தான் அவர் கண்ணில் படும். ஆகவே ரயில்வே, மின்வாரியம், பழைய எஸ்டேட் பதிவேடு என்று அந்தச் சொல் ஏற்கனவே புழங்கும் இடத்தில் அப்படியே எழுதுங்கள். மற்ற இடங்களில் வேண்டாம்.

டீம் யாரையும் உறுத்தாத சொல். அதன் பழைய பொருள்களில் ஒன்று, ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். ஏர் பூட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆடிட், மருத்துவம், மார்க்கெட்டிங் போல ஒவ்வொருவரும் ஒவ்வொரு திறமையோடு நீண்ட நாள் சேர்ந்திருக்கும் வேலைக்கு டீம்தான் சரி. ஆனால் எல்லா அலுவலகமும் எல்லாவற்றுக்கும் டீம் என்றே எழுதி, அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. "தி டீம் வில் கம்" என்றால் வருவது கணக்கரா, கரண்டி பிடிப்பவரா என்று தெரிவதில்லை. க்ரூ என்றால் கையால் வேலை செய்கிறவர்கள் என்பது உடனே புரியும். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது; முதலில் படைக்குச் சேர்க்கும் கூடுதல் ஆட்களைக் குறித்தது. பருவத்துக்கு மலை ஏறிப் போகும் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

இனி கணக்குக்கு வருவோம். க்ரூவில் ஓர் எழுத்து பெரிய வித்தியாசம் செய்யும். "டூ க்ரூ" என்றால் இரண்டு ஆள். "டூ க்ரூஸ்" என்றால் இரண்டு குழு. 12 பேர் கொண்ட மூன்று குழு அனுப்புவதாகப் பேசிவிட்டு, தாளில் "த்ரீ க்ரூ" என்று அடித்தால் 36 பேர் வெறும் 3 பேராகிவிடுவார்கள். டீமில் இந்த ஆபத்து இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "த்ரீ டீம்" என்பது பிழையாகத் தெரியுமே தவிர, எண்ணிக்கை மாறாது. ஆனால் "த்ரீ டீம்ஸ்" என்று சரியாக எழுதினாலும் எத்தனை பேர் என்பது வராது. க்ரூவோ "க்ரூ ஆஃப்" என்று எழுதியதும் பக்கத்தில் எண்ணைக் கேட்கும். "த்ரீ க்ரூஸ் ஆஃப் 12 பிக்கர்ஸ் ஈச், 36 இன் ஆல்." இப்படிக் குழு, ஆள், மொத்தம் மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் எழுத்துப்பிழை வந்தாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த 12 பேரில் மேஸ்திரி சேர்த்தியா, இல்லையா? சேராவிட்டால், குழுவுக்கு ஒரு மேஸ்திரி வீதம் மொத்தம் 39. பழத்தை எடைபோட்டுக் கூலி கொடுக்கும் தோட்டத்தில்கூட ஜீப், தங்கும் லைன் வீடு, சாப்பாடு எல்லாம் தலைக்கணக்குதான். "ப்ளஸ் ஒன் மேஸ்திரி" அல்லது "இன்க்ளூடிங் ஒன் மேஸ்திரி", இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். தோட்டத்து ஆங்கிலத்தில் மேஸ்திரி புழங்கும் சொல்தான். வெளிநாட்டுக்காரர் படிப்பதானால் சூப்பர்வைசர். சமையலிலும் இதே கதை. மாஸ்டர், உதவியாள், பந்தி பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று பிரித்து எழுதாமல் "கேட்டரிங் க்ரூ ஆஃப் 15" என்று மட்டும் எழுதினால், பந்தியில் நிற்க எத்தனை பேர் என்று மண்டபத்தில் சண்டை வரும்.

க்ரூ பொருந்தாத இடங்களும் உண்டு. பம்பை செட், பேண்டு செட் என்கிறோமே, அந்த செட்டுக்கு ஆங்கிலத்தில் வாத்தியக்காரர்கள் என்ற பொருள் வராது, வாத்தியங்களாகத்தான் படும். ட்ரூப் அல்லது பேண்டு என்று எழுதுங்கள். சினிமாவிலும் "காஸ்ட் அண்ட் க்ரூ" என்றுதான் போடுவார்கள், மேடையில் நிற்பவர் க்ரூவில் சேர மாட்டார். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கும் சேகோ ஆலைக்கும் யூனிட் போதும். அது ஆட்களை அல்ல, தொழிலிடத்தைச் சொல்கிறது. மகளிர் குழு எப்போதும் செல்ஃப் ஹெல்ப் குரூப்தான், டீம் என்று மாற்றினால் பேங்க்கில் புரியாது. சொசைட்டி, யூனியன், அசோசியேஷன் எல்லாம் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

கடைசியாக வினைச்சொல். "தி க்ரூ இஸ்", "தி க்ரூ ஆர்" இரண்டும் ஆங்கிலத்தில் உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் ஆர் சாதாரணம். நம் அலுவலகக் கடிதங்களுக்கு இஸ் பாதுகாப்பு. ஆனால் "இஸ்" என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் "தே" என்று போனால் இடறும். அங்கே "க்ரூ மெம்பர்ஸ் ஆர்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.