கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா?

ஏசி பஸ்ஸிலிருந்து சென்னை வெயிலில் இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஹெல்மெட் மாட்டினால் காதோரம் அழுத்தும், மழையில் ஓட்டுவது பெரும்பாடு. லென்ஸில் இந்தத் தொல்லைகள் இல்லை. பக்கவாட்டுப் பார்வையும் முழுதாகக் கிடைக்கும். வெங்காயம் நறுக்கினால்கூட எரிச்சல் குறைவு!

ஆனால் பராமரிப்பில் கண்ணாடி எவ்வளவோ தேவலாம். தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு பாத்திர சோப்பு தேய்த்துக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றினால் போதும். தூசியோடு சட்டை நுனியால் துடைப்பதால்தான் கீறல் விழுகிறது.

மாத லென்ஸ் (தினமும் கழற்றி மாட்டி ஒரு மாதம் பயன்படுத்துவது) அப்படியல்ல. கையை சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். லென்ஸை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள்: கிண்ணம்போல் நின்றால் சரி, விளிம்பு வெளியே விரிந்தால் உள்புறம் வெளியே திரும்பிக் கிடக்கிறது. கழற்றியதும் உள்ளங்கையில் சொல்யூஷன் (லென்ஸ் கழுவும் கிருமிநாசினித் திரவம்) விட்டுத் தேய்த்து அலசி, புது சொல்யூஷனில் ஊறவையுங்கள். பழையதோடு ஊற்றி நிரப்பினால் கிருமிநாசினி வீரியம் இழக்கும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே அரித்துவிடும். குளியல், நீச்சல், தூக்கம் மூன்றுக்கும் முன் கழற்றுங்கள். லென்ஸ் ஊறவைக்கும் டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கண்ணாடிச் சீட்டை வைத்தே லென்ஸ் வாங்குவதும் தப்பு. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்பதால் -6.00 பவருக்கு லென்ஸில் ஏறக்குறைய -5.50 வரும்.

லென்ஸ் போட முடியாத நேரத்துக்காக லென்ஸ்காரர்களுக்கும் ஒரு கண்ணாடி கட்டாயம் வேண்டும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.