‘வாட்டர்புரூஃப்’ சைக்கிள் பை: ராமநாதபுரம் கடற்கரையில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சீட்டுக்கு அடியில் கட்டும் ஆப்பு வடிவச் சின்னப் பை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்த விலை 650 ரூபாய். அட்டையில் மூன்று விஷயம் அச்சடித்திருந்தது: 2 லிட்டர் கொள்ளளவு, நூறு சதவீதம் வாட்டர்புரூஃப், ஐபிஎக்ஸ்7. வாங்கி ஏழாவது வாரம், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் பின் டயர் பஞ்சர். பையைத் திறக்கலாம் என்றால் ஜிப்பின் ரன்னர் வெள்ளைப் பொடி பூத்து இறுகிக் கிடந்தது. சாவியால் துணியைக் கிழித்துத்தான் டியூபை வெளியே எடுக்க முடிந்தது. உள்ளே மல்டிடூல் முழுக்கத் துரு, பஞ்சர் ஒட்டின் அட்டைப்பெட்டி ஊறிக் கூழாகியிருந்தது.

கடையில் கிடைத்த பதில்: “உப்புக் காத்துக்கு எதுதான் சார் தாங்கும்? பில்லுலயே போட்டிருக்கே, வித்த பொருள் வாபஸ் இல்லைன்னு.” உப்புக் காற்று வீசும் ஊரில் கடை வைத்துக்கொண்டு சொல்கிற பதில் இது. இரண்டாவது வாக்கியம் சட்டப்படியும் செல்லாது. அதற்குக் கடைசியில் வருவோம்.

முதலில் அந்த 2 லிட்டர். பையின் அளவு 18 × 9 × 9 சென்டிமீட்டர். பெருக்கினால் 1458 கன செ.மீ., அதாவது ஒன்றரை லிட்டருக்கும் கீழே. அதுவும் பை முழுச் சதுரப் பெட்டியாக இருந்தால்தான். ஆப்பு வடிவம் பின்னால் பெருத்து முன்னால் சிறுக்கும் என்பதால் உண்மையில் ஒரு லிட்டர்கூடத் தேறாது. அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டை உள்ளே வைத்தால் ஜிப் மூடவில்லை. கடைக்குப் போகும்போது அளவு நாடா ஒன்றை எடுத்துப் போனால் போதும். ஆப்பு வடிவப் பை என்றால் வரும் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பஞ்சருக்கு வேண்டியதை மட்டும் வைக்க ஒரு லிட்டர் தாராளம். ஆனால் 2 லிட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரு லிட்டரை வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு விஷயம்.

வாட்டர்புரூஃப் என்ற சொல்லில்தான் பெரிய ஏமாற்று. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் உள்ளே கேடு வரும் அளவுக்கு நீர் புகக் கூடாது. ஊசியால் தைத்து, சாதாரண ஜிப் போட்ட பை இந்தச் சோதனையில் தேற வழியே இல்லை. துணி நனையாது, அது உண்மை. பாலியஸ்டர் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு பூசியிருப்பார்கள். கடைக்காரர் மேலே தண்ணீர் தெளித்து, முத்து முத்தாக உருள்வதைக் காட்டுவது வெளிப்பக்கம் அடித்த நீர் விலக்கும் பூச்சை வைத்து. ஆனால் தண்ணீர் துணி வழியாக வருவதில்லை, தையல் துளை வழியாகவும் ஜிப் பல் வழியாகவும் வருகிறது. அட்டையில் 3000 மி.மீ. என்பதுபோல் எண் (எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவு) இருந்தால் அதுவும் துணிக்கு உரிய எண், பைக்கு உரியது இல்லை.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஒன்று, செல்போன் டார்ச்சைப் பைக்குள் போட்டு மூடி, இருட்டான மூலையில் வைத்துப் பாருங்கள். தையல் ஓரமாக நட்சத்திரம் மாதிரி வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அத்தனையும் தண்ணீர் வழி. இரண்டு, காற்றை நிரப்பி மூடி, இரு கையாலும் அமுக்குங்கள். புஸ்ஸென்று உடனே இறங்கினால் அது தூறலுக்கு மட்டும் ஆகும் பை. வாயை மூன்று சுற்றுச் சுருட்டி பக்கிள் மாட்டும் வகை, தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டியது, காற்றைப் பிடித்து நிற்கும். வாடைக்காற்று மழையில், ஐப்பசி கார்த்திகையில் ஓட்டுபவர்களுக்கு அதுதான் சரி.

பூச்சுக்கும் ஆயுள் உண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் சிதையும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு வெள்ளைச் செதிலாக உரியும். பழைய ஸ்டாக்காக இருந்தால் கடையிலேயே தொடங்கியிருக்கும். உள்பக்கத்தை விரலால் தேய்த்து, முகர்ந்தும் பாருங்கள். ஒட்டினாலும் புளித்த வாடை அடித்தாலும் வேண்டாம்.

மழை வருடத்தில் சில வாரம்தான், உப்பு வருடம் முழுக்க. அதனால் இந்தக் கடற்கரையில் பையின் உயிர் ஜிப்பில் இருக்கிறது. மலிவான பையில் ரன்னர் துத்தநாகக் கலவையில் செய்து கறுப்புப் பெயின்ட் அடித்ததாக இருக்கும். நூறு தடவை இழுத்தால் பெயின்ட் தேயும், அங்கே உப்பு உட்காரும், வெள்ளைப் பொடி பூக்கும், ரன்னர் நகராது. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, வேண்டாம் என்பது சரி. ஒட்டவில்லை என்பதால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், துத்தநாகத்திலும் ஒட்டாது. பெரிய பிளாஸ்டிக் பல் கொண்ட ஜிப் மணலுக்குத் தாங்கும். மெல்லிய சுருள் ஜிப்பில் தனுஷ்கோடி மணல் ஏறினால் இரண்டே பயணத்தில் பல் விலகும். ரன்னரின் இழுப்பு உலோகமாக இருந்தால் அதை வெட்டிவிட்டு நைலான் கயிறு கட்டிக்கொள்ளலாம். ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது தவறு, எண்ணெயில் மணல் ஒட்டி அரைக்கும். மெழுகுவர்த்தித் துண்டைப் பல்லின் மேல் நான்கு தடவை தேய்த்தால் போதும்.

வெல்க்ரோ பட்டை குறைந்தது 2 செ.மீ. அகலம் வேண்டும். கொக்கிப் பக்கத்தில் மணல் அடைந்தால் பிடி தளரும், பை மெல்லத் தொங்கி டயரில் உரசும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பையைக் கட்டியபின் அதன் அடிக்கும் டயருக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்து குழியில் இறங்கும்போது அதுவும் குறையும். பின்பக்க ஒளிர் பட்டை நிஜமானதா என்று பார்க்க, நாலு அடி தள்ளி நின்று பிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். நிஜமானது படத்தில் பளிச்சென்று வெள்ளையாக எரியும், சாம்பல் பெயின்ட் மங்கிக் கிடக்கும்.

விற்கிறவர்கள் சொல்லாமல் விடும் இன்னொன்று, எந்த சைக்கிளுக்கு எந்தப் பை என்பது. ஊரில் பலர் ஓட்டுவது பழைய ராட் பிரேக் வண்டி, அதாவது கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் பிரேக் இழுக்கும் வண்டி. அதன் சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பிரிங். வெல்க்ரோவை ஸ்பிரிங்கில் சுற்றினால் ஒவ்வொரு குலுக்கலிலும் பட்டை நசுங்கிச் சில வாரத்தில் அறும். அந்த வண்டிக்கு ஹேண்டில்பார் பையும் ஆகாது, ஹேண்டில்பாரை ஒட்டி ஓடும் பிரேக் கம்பிகளில் பை இடிக்கும். பிரேமின் முக்கோணத்துக்குள் கட்டும் பை, அல்லது கேரியரில் இறுக்கிய சின்னப் பை, இரண்டில் ஒன்று போதும். முக்கோணப் பையிலும் மூலையளவு சின்னதாக எடுங்கள். முக்கோணம் முழுவதையும் அடைக்கும் பை, கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது படகில் பாய் விரித்த மாதிரி வேலை செய்யும். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாம்பன் சாலைப் பாலத்தில், பக்கத்தில் பஸ் வரும் நேரத்தில் அது விளையாட்டில்லை. கியர் சைக்கிள்காரர்களுக்கு சீட் பை பொருந்தும்.

உள்ளே என்ன வைப்பது என்பதும் வண்டியைப் பொறுத்தது. கியர் சைக்கிளுக்கு ஒரு டியூப், பிளாஸ்டிக் லீவர் இரண்டு, ஒட்டு ஆறு, உப்புத்தாள், பிரிக்காத சொல்யூஷன், மல்டிடூல். 26 அங்குலத் தடித்த டயரின் டியூப், மெல்லிய 700 டயர் டியூபைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். உங்கள் டியூபையே கடைக்கு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். ராட் பிரேக் வண்டியில் செயின் கவரோடு பின் சக்கரத்தைக் கழற்றுவது சாலையோரத்தில் ஆகிற காரியமில்லை. சக்கரம் வண்டியிலேயே இருக்க, டியூபை வெளியே இழுத்து ஒட்டுவதுதான் வழி. ஆகவே மாற்று டியூபுக்குப் பதில் ஒட்டுகளும், வால்வுக்குப் போடும் ரப்பர் டியூப் துண்டு இரண்டும் வையுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்ன இடுக்கி: சீமைக்கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும், அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்தாவது நிமிடம் மறுபடி பஞ்சர். பிரித்த சொல்யூஷன் வெயிலில் காய்ந்துவிடும். பவர் பேங்கைக் கறுப்புப் பையில் போட்டு அரிச்சல்முனை வெயிலில் நிறுத்த வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஜிப்பையும் பக்கிளையும் ஒரு குவளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் பல ஊரில் உப்புக் கரிக்கும், அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புது உப்பு வரும். நிழலில், ஜிப்பைத் திறந்து வைத்து உலர்த்துங்கள்.

இனி அந்தப் பில். “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று அச்சடித்துவிட்டால் குறையுள்ள பொருளுக்கும் பொறுப்பு போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும், பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். மேலே சொன்ன பையில் 30 நாள் தாண்டிவிட்டது. ஆனால் அட்டையில் இருந்த கொள்ளளவும் ஐபிஎக்ஸ்7ம் பொய் என்பது தனிக் குறை, புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதனால்தான் அட்டையைத் தூக்கி எறியக் கூடாது. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் எண் இவை பாக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும். இந்தப் பையில் முகவரியே இல்லை.

ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் போனதைக் காட்டும், என்ன வாங்கினீர்கள் என்பதைக் காட்டாது. பொருளின் பெயர் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். அட்டையின் இரு பக்கமும், நாடா வைத்து அளந்த பையும், இறுகிய ரன்னரும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் கடை மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.