தாரா, பஞ்சா: கோடில் பெயர் வைத்த பஞ்சாயத்து

பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர் ஒரு வாழைக்காய் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். சர்வர் பைத்தானில், திரை ஜாவாஸ்கிரிப்டில், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸில். முதல் மாத அறிக்கையை அச்சடித்து மண்டி அண்ணாச்சியிடம் நீட்டினோம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"ஏ தம்பி, பஞ்சு 140ன்னு போட்டிருக்கு? நான் வாழைக்கா மண்டில்லா வச்சிருக்கேன்!"

தார் என்பதை எங்களில் ஒருவர் ஆங்கிலத்தில் 'பஞ்ச்' ஆக்கியிருந்தார். தரவுத்தளத்தில் இருந்த பெயரே அறிக்கையின் தலைப்பிலும் வந்துவிட்டது. கோடில், அதாவது நிரலில், எதற்கு என்ன பெயர் வைப்பது என்று அன்று சாயங்காலம் டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு இரண்டு வாரம் ஓடியது.

அதில் முக்கால்வாசி நேரத்தைத் தின்றது கேமல் கேஸா, ஸ்நேக் கேஸா என்ற சண்டை. சொற்களை ஒட்டி எழுதி, இரண்டாவது சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது கேமல். எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் அண்டர்ஸ்கோர் என்றால் ஸ்நேக். இரண்டு கட்சிக்கும் ஆய்வு உண்டு. 2009இல் வந்தது கேமலில் பிழை குறைவு என்றது; 2010இல் கண்ணசைவை அளந்து பார்த்தது ஸ்நேக் வேகம் என்றது. ஆளுக்கொன்றைக் காட்டிக்கொண்டு சண்டை போடலாம், போட்டோம்.

யோசித்தால் அதில் நாங்கள் முடிவு செய்ய ஒன்றுமே இல்லை. பைத்தானுக்கு 2001இலேயே பெப் 8 என்ற நடை விதிகளை எழுதிவிட்டார்கள், செயற்கூறும் (ஃபங்ஷன்) மாறியும் (வேரியபிள்) ஸ்நேக்கில். ஜாவாஸ்கிரிப்டில் ஊரே கேமல். போஸ்ட்கிரெஸோ, மேற்கோள் குறி போடாத பெயரைத் தானே சின்ன எழுத்தாக்கிவிடும். கேமலில் பத்திப்பெயர் (காலம் பெயர்) வைத்தால் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியிலும் இரட்டை மேற்கோள் போட வேண்டும். மறந்தால் 'அப்படி ஒரு பத்தியே இல்லை' என்று முறைக்கும். அந்தந்த மொழியின் வழக்கப்படியே விட்டோம். சர்வருக்கும் திரைக்கும் நடுவே ஒரே இடத்தில் பைடான்டிக் என்ற பைத்தான் நூலகம் பெயர்களை மாற்றிக் கொடுக்கிறது. மீறினால் நடை விதிகளைச் சரிபார்க்கும் லிண்டர் நிரல் கத்தும், மனுஷன் கத்த வேண்டியதில்லை.

பெயர்ச்சுருக்கம் பற்றி ஒரு வரி போதும். 'டிடி' என்று ஒரு மாறி இருந்தது. தேதியா, டிமாண்ட் டிராஃப்டா என்று எழுதியவருக்கே தெரியவில்லை.

உண்மையான சண்டை எந்தச் சொல் என்பதில்தான்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைப்பது முதல் வழி. தார் ஒரு கோப்பில் 'பஞ்ச்', இன்னொன்றில் 'ஸ்டெம்'. சீப்பை ஒருவர் அகராதி பார்த்துத் தலை சீவும் 'கோம்ப்' ஆக்கியிருந்தார். வாழை வியாபார ஆங்கிலத்தில் அது 'ஹேண்ட்'. கழிவு அதைவிட மோசம். ஒருவர் 'வேஸ்ட்' என்றார், ஒருவர் 'டிஸ்கவுண்ட்' என்றார். எங்கள் அண்ணாச்சி சொல்வது தண்டுக்காகக் குறைக்கும் எடையை. மண்டியில் ஒரு சொல். எங்கள் கோடில் அது இரண்டு மூன்று ஆனது. அந்த இடைவெளியில்தான் கணக்குப் பிழை குடியேறியது.

இரண்டாவது, தமிழ் எழுத்திலேயே எழுதுவது. எனக்கு ஆசைதான். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும், பெப் 3131 என்ற முன்மொழிவு அதற்காகவே வந்தது. ஆனால் நாளைக்கு ஒரு சேவையை 'கோ' மொழியில் எழுதினால் மாட்டிக்கொள்வோம். அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாது. 'பட' போகும், 'படி' போகாது! போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட்தான் இடம். 'திருநெல்வேலி' நமக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பன்னிரண்டு குறியீடு, 36 பைட். பின்னால் இரண்டு சொல் சேர்த்தால் வால் அறுந்துவிடும். வரிக்கு வரி விசைப்பலகையை மாற்றுவது வேறு. ஆசையை மடித்து வைத்தேன்.

மூன்றாவது, மண்டிச் சொல்லையே ரோமன் எழுத்தில் எழுதுவது. இதைத்தான் எடுத்தோம். இதன் நோய் எழுத்துக்கூட்டல். 'தார்' என்பதற்கு 'டி' மட்டுமா, 'டி எச்' சேர்த்தா, 'ஏ' ஒன்றா இரண்டா? அரசே இதில் தடுமாறியது: 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வந்தது, சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. நாங்கள் உலகத்துக்கே விதி எழுதப் போகவில்லை. சொற்பட்டியல் என்று ஒரு கோப்பு, வரிக்கு ஒரு சொல், எதிரே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியப் பொருள். நாளைக்குத் தமிழ் தெரியாத ஒருவர் சேர்ந்தால் அவருக்கு அதுதான் கைத்தடி. பட்டியலில் இல்லாத சொல் கோடில் வந்தால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூ நிற்கும். 'சேவ்', 'லிஸ்ட்' போன்ற கணினிச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்றோம். கலந்து படிக்க முதல் வாரம் கொஞ்சம் கூசத்தான் செய்தது.

ஒற்று மிகுமா என்பதற்கும் அரைமணி நேரம் போனது. ஏத்துக்கூலியில் அந்த 'க்' எந்தப் பக்கம் ஒட்டும்? அண்டர்ஸ்கோர் வந்தால் ஒற்று வேண்டாம் என்று முடித்தோம், இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க. 'ஏற்றுகூலி'தானே சரி என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சியின் பில் புத்தகத்தில் 'ஏத்து' என்றுதான் அச்சாகியிருக்கிறது, அதையே வைத்தோம்.

பழையதை மாற்றும்போது பெயர்மாற்றத்தைத் தனி கமிட்டாக, அதாவது கோடின் வரலாற்றில் தனிப் பதிவாகப் போட்டு, வேறு எதையும் அதில் கலக்கவில்லை. அந்த வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் 2.23 பதிப்பிலிருந்து, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் 'பிளேம்' பார்க்கும்போது அப்படிப்பட்ட கமிட்டை ஒதுக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் எல்லா வரிக்கும் பெயர் மாற்றியவன் தலைதான் உருளும். போஸ்ட்கிரெஸில் பத்திப்பெயர் மாற்றுவது நொடி வேலை. பழைய பெயரைக் கேட்கும் சர்வரும் அதே நொடியில் விழும். அதனால் ஏலம் முடிந்து, கடைசி லாரி கிளம்பி, அண்ணாச்சி சாப்பிடப் போன பிறகு உட்கார்ந்தோம்.