மஞ்சள் அட்டையைத் தொகுப்போடு விற்கும் ஏஜென்சிகளிடம் கவனமாக இருங்கள்

நானும் அக்காவும் கானா, உகாண்டா என்று சில மாதங்கள் தங்கிச் சுற்றி வருவதாக ஏற்பாடு. டிக்கெட், விசா, காப்பீடு, தடுப்பூசி எல்லாம் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு டிராவல் ஏஜென்சியிடம் மொத்தமாகப் பணம் கட்டினோம். டிக்கெட்டும் விசாவும் ஒழுங்காக வந்தன. தடுப்பூசியில் ஏமாற்றிவிட்டார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் போதும், இதையே வேறு யார் செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

இந்த இரண்டு நாடுகளுக்குள்ளும் நுழைய, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, அந்த மையத்தின் முத்திரையோடு வாங்கும் மஞ்சள் அட்டைதான் செல்லும். ஏஜென்சிக்காரர்களோ எங்களைத் தங்கள் அலுவலகத்துக்கே வரச் சொன்னார்கள். மையத்திலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொல்லி ஒரு பெண்ணைக் காட்டினார்கள். அவர் கைப்பையிலிருந்து, ஏற்கெனவே மருந்து ஏற்றிய ஊசிகளை எடுத்து எங்களுக்கு வரிசையாகப் போட்டார். குப்பி எதுவும் கண்ணில் படவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பு மருந்து தூளாக வருவது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருந்து, போடும் நேரத்தில்தான் கரைக்க வேண்டும். கரைத்தால் 6 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எங்கள் உடம்பில் ஏறியது என்ன மருந்து என்று இன்றுவரை தெரியாது.

அட்டை போலி என்று விமான நிலையத்தில்தான் தெரிந்தது. செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் அட்டையைப் பிரித்ததுமே மேலதிகாரியைக் கூப்பிட்டார். மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் பேட்ச் எண்ணை எழுத வேண்டிய கட்டம் காலி. ஊசி போட்ட தேதியிலிருந்தே சான்றிதழ் செல்லும் என்று எழுதியிருந்தது. முதல் முறை போடுபவருக்கு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். முடிவுத் தேதியாகப் பத்து வருடம் தள்ளி ஒரு நாளைக் குறித்திருந்தார்கள். அந்தப் பத்து வருட விதி 2016 ஜூலை 11-ம் தேதியோடு போய்விட்டது, இப்போது ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். முத்திரையில் இருந்த பெயரும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் பெயர் இல்லை. எங்களை ஏற்றவில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

ஏஜென்சிக்குப் போன் செய்தபோது அதன் மேலாளர் சொன்ன பதில்: "அட்டைதானே பிரச்சினை? நாளைக்கே வேற அட்டை போட்டுத் தர்றோம், ஊசிகூட வேண்டாம்." மஞ்சள் காய்ச்சலுக்கென்று மருந்து கிடையாது. நோய் முற்றிக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கினால் பிழைப்பது கடினம். அதைத் தடுக்கும் ஊசியைப் போடாமலேயே போட்டதாக அட்டை எழுதித் தருகிறேன் என்று ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது.

மறுநாள் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த மருத்துவர் முதலில் கேட்டது, சமீபத்தில் வேறு என்ன ஊசி போட்டீர்கள் என்பதுதான். மஞ்சள் காய்ச்சல் ஊசி, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸால் ஆனது. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போன்ற இன்னொரு உயிருள்ள தடுப்பூசியை வேறொரு நாளில் போட்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும். எங்கள் ரசீதில் 'பயணத் தடுப்பூசிகள், முழுத் தொகுப்பு' என்று ஒரே வரி. மருந்தின் பெயர் கிடையாது, பேட்ச் எண் கிடையாது. வேறு வழியில்லாமல் நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். அதற்குமேல் அந்த 10 நாள் வேறு. பணம் போனதைவிட என் உடம்புக்குள் என்ன போனது என்பதற்குக் கணக்கே இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்காவின் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் முதல் முறையாக இந்த ஊசியைப் போட்டால், அபூர்வமாகத்தான் என்றாலும், உள்ளுறுப்புகளையோ நரம்பு மண்டலத்தையோ பாதிக்கும் கடும் பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கோளாறு எல்லாம் விசாரித்த பிறகுதான் போட வேண்டும். ஏஜென்சியில் வயதைக்கூடக் கேட்கவில்லை. மையத்து மருத்துவர் அக்காவிடம் வெகுநேரம் பேசினார். ஊசி ஒத்துவராதவர்களுக்கு மருத்துவ விலக்குச் சான்று உண்டு, ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் போகிற நாட்டின் முடிவு என்று விளக்கினார். கடைசியில் அக்கா இந்தப் பயணமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவர் ஆசைப்பட்டுத்தான் இந்தத் திட்டமே தொடங்கியது.

அதே தொகுப்பில் ரேபிஸ் 'முழு கோர்ஸ்' என்று ஒரே ஒரு ஊசி போட்டிருந்தார்கள். முன்னெச்சரிக்கையாகப் போடுவதற்கே குறைந்தது இரண்டு தவணை வேண்டும், ஒரு வார இடைவெளியில். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அங்கே தங்கும் நாட்களுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்திருந்தார்கள். மலேரியா உள்ள இடத்தை விட்டு வந்த பிறகும் அதை நான்கு வாரம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வரலாம்.

நீண்ட பயணம் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தடுப்பூசி வேலையைத் தொடங்குங்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களின் பட்டியல் உங்கள் நாட்டு சுகாதாரத் துறையிடம் இருக்கும், அதைப் பார்த்து நேராகப் போங்கள். குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை. அட்டையில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், போட்டவரின் கையெழுத்து, மையத்தின் முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். உங்கள் கையெழுத்தும் அதில் வேண்டும். விமானம் மாறும் இடத்தையும் கவனியுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே, அடுத்துப் போகும் நாடு அட்டை கேட்கலாம்.

ஏஜென்சி விசாவுக்கான தொகையை மட்டும் திருப்பித் தந்தது. டிக்கெட் பணம் வரவில்லை. சுகாதாரத் துறையிலும் நுகர்வோர் மன்றத்திலும் அட்டை, ரசீது இரண்டின் நகலையும் கொடுத்திருக்கிறோம். ஏஜென்சி மூலம் வாங்கிய மஞ்சள் அட்டை உங்கள் கையில் இருந்தால், அதில் உள்ள முத்திரையின் பெயரைச் சொல்லி சுகாதாரத் துறையிடம் இன்றைக்கே விசாரியுங்கள். மறுபடி போட வேண்டியிருந்தால், புறப்படுவதற்கு முன் 10 நாளாவது கையில் இருக்க வேண்டும்.